படலைத் திறப்பு ஆரிட்டை இருக்கு?

டூட்டிங் என்று எழுதுவதா, ரூட்டிங் என்று எழுதுவதா என்பது எங்களுக்குள் தீராத வழக்கு. யாழ்ப்பாணத்துக் கை 'ரூட்டிங்' என்றுதான் எழுதும். தமிழ்நாட்டு நண்பர்கள் 'டூட்டிங்' என்பார்கள். இதைத் தீர்த்துவைக்க ஒரு சபையும் இல்லை. இரண்டும் ஓடுகிறது, இரண்டும் விளங்குகிறது. இன்றைக்கு வருகிற விருந்தாளிகளுக்காக டூட்டிங் என்றே வைத்துக்கொள்கிறேன். சொல்ல வந்த விசயமும் கிட்டத்தட்ட இதுதான்: தலைவர் இல்லாமல், தலைமைக் கந்தோர் இல்லாமல் ஓடிய காரியங்கள், அவை எப்படி எங்கள் கையை விட்டுப் போயின என்பது.

2024 மாசியில் ஒரு சனிக்கிழமை. டூட்டிங் புரோட்வே ஸ்ரேசனுக்கு வெளியே ஏழாம் எட்வேர்ட் மன்னர் சிலையாக நிற்பார். எங்கள் சனம் ஆளை ஆள் சந்திக்கிற இடம் அது. எங்கள் ஊர் அண்ணை ஒருவர் அந்தச் சிலையடியில் நின்றுகொண்டு போனை நீட்டினார்.

"தம்பி, உதை ஒருக்காப் பாரும். ஊர்ப் பக்கம் திறக்குதில்லை."

பார்த்தேன். பக்கம் திறக்கவில்லை என்பது பிழை. பக்கமே இல்லை. சமூக விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி. எந்த விதி, எந்தப் படம், யார் முறையிட்டது என்று ஒன்றும் இல்லை. மேன்முறையீட்டுக்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினோம். அடுத்த நாளே முடிவு மாறாது என்று பதில் வந்தது. மனிதர் எழுதிய பதில் மாதிரித் தெரியவில்லை.

"கொம்பனிக்காரனுக்கு அடிச்சுக் கேக்கேலாதோ?" என்றார் அண்ணை.

"அடிக்க நம்பர் இல்லை அண்ணை."

எந்தக் கொம்பனி என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாருடைய வாசலும் ஒரே மாதிரித்தான். ஆனால் என்ன போனது என்பதைச் சொல்ல வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. அந்த இரவில் யாரும் அல்பம் தூக்கவில்லை. அரிசி தூக்கினார்கள், பிள்ளையைத் தூக்கினார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா அதற்கு முதலே செத்துப்போனவர். 2011இல் ஊர்ப் பொடியள் சேர்ந்து அந்தப் பக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராகத் தங்களிடம் இருந்த பழைய படங்களை ஏற்றினார்கள். அடுத்த வருடம் ரொறொன்ரோவில் இருக்கும் ஒரு மச்சாள் தன்னுடைய தாயின் கல்யாணப் படத்தைப் போட்டாள். அதில் ஓரமாக, பந்தல் காலைப் பிடித்தபடி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறார். அப்பா! பதினேழு வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தைக் கண்டேன். இரவு வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதைக் கணனியில் இறக்கி வைக்க எனக்குத் தோன்றவில்லை. எதற்கு? அதுதான் அங்கேயே இருக்கிறதே....

பக்கம் போன அன்றுதான் யோசித்தேன். எங்கள் வீட்டுப் படலைத் திறப்பை நாங்கள் எப்போது இன்னொருவனிடம் கொடுத்தோம்? அந்தக் கதையைத்தான் இனி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம். தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

*

இணையத்துக்கு முதலே எங்களிடம் ஒரு வலை இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஐரோப்பாவுக்கு வந்து விழுந்த அகதிகள் செய்த முதல் வேலைகளில் ஒன்று பத்திரிகை நடத்தியது. ஜெர்மனியில் 'தூண்டில்', சுவிஸில் 'மனிதம்', நோர்வேயில் 'சுவடுகள்', லண்டனில் 'பனிமலர்', கனடாவில் 'தாயகம்', 'காலம்' என்று ஒரு வரிசை. தட்டச்சு, கையெழுத்து, போட்டோக்கொப்பி. ஒன்று நின்றால் இன்னொன்று வரும். ஒன்றில் இடம் கிடைக்காதவன் மற்றதில் எழுதுவான். எல்லாருக்கும் எல்லாரோடும் சண்டை. ஆனால் ஒருவர் வாயை இன்னொருவர் முழுதாக மூட முடியவில்லை.

1988இல் ஜெர்மனியின் ஹேர்ண் நகரில் 'இலக்கியச் சந்திப்பு' தொடங்கியது. அதன் அமைப்பைக் கவனியுங்கள். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, வங்கிக் கணக்குக் கிடையாது. ஒரு நகரத்தில் கூடுவார்கள், அடுத்தது எங்கே என்று அங்கேயே முடிவெடுப்பார்கள், அந்த நகரத்துக்காரர் செலவையும் பொறுப்பையும் ஏற்பார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், நோர்வே என்று உருண்டு 2013இல் லண்டனுக்கும், அதே வருடம் யாழ்ப்பாணத்துக்கும் போனது. அதற்குள்ளும் கோபதாபங்கள் உண்டு. ஆனால் பூட்டுவதற்கு ஒரு வாசல் இல்லாதபடியால் யாராலும் பூட்ட முடியவில்லை.

*

பிறகு கணனி வந்தது. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் யோசித்த 'யூஸ்நெற்' என்ற வலையில், தொண்ணூறுகளில் எங்கள் ஆட்கள் 'சொக் கல்ச்சர் தமிழ்' என்ற குழுவில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிச் சண்டை பிடித்தார்கள். யூஸ்நெற்றுக்கு முதலாளி கிடையாது. ஒரு பல்கலைக்கழகத்துக் கணனி பக்கத்துப் பல்கலைக்கழகத்துக் கணனிக்குச் செய்தியைக் கொடுக்கும், அது அடுத்ததுக்குக் கொடுக்கும். ஊரில் செத்தவீடு சொல்லி அனுப்புகிற மாதிரி.

தொண்ணூறுகளின் நடுவில் மலேசியத் தமிழரான பாலா பிள்ளை சிட்னியிலிருந்து 'தமிழ்.நெற்' என்ற மடற்குழுவை நடத்தினார். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கையில் இருந்ததால் தமிழிலேயே மடல் எழுத முடிந்தது. அங்கே கூடியவர்களுக்குள்ளிருந்துதான் 1998 தைப்பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' பிறந்தது. சுவிஸில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகத்தில் எங்கெங்கோ இருந்த ஆட்கள் சம்பளம் இல்லாமல் இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்தார்கள். யாரும் பிரதி எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். அதனால் அந்தக் கோப்புகள் எத்தனை கணனிகளில் இருக்கின்றன என்று யாராலும் எண்ண முடியாது. அழிக்கவும் முடியாது.

யாழ்ப்பாணத்துக்காரனுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. 1981இல் எங்கள் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போயின. அச்சுப் புத்தகத்துக்கு வேறெங்காவது பிரதி இருக்கும். ஒரே பிரதியாக இருந்த ஏட்டுச் சுவடி போனது போனதுதான். 2005இல் 'நூலகம்' என்ற பெயரிலேயே எங்கள் பொடியள் ஒரு எண்ணிம நூலகம் தொடங்கியது சும்மா இல்லை.

*

அந்தக் காலத்துக் கரைச்சலையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. எங்கள் சனம் பாமினி. தமிழ்நாட்டார் சிலர் தாப், சிலர் தாம். மடற்குழுக்காரர் திஸ்கி. ஒருவர் எழுதியது மற்றவர் கணனியில் பூச்சி பூச்சியாகத் தெரியும். பிறகு யூனிகோட் பரவியது. அப்போதும் சண்டை. அந்த நேரத்தில் ஜெர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணன் ஒரு எழுத்துருமாற்றி செய்து இணையத்தில் வைத்தார். ஒரு பெட்டியில் பாமினியைக் கொட்டினால் மறு பெட்டியில் யூனிகோட் வரும். அந்தக் காலத்தில் வலைப்பதிந்த ஈழத்தவரில் அந்தப் பெட்டிக்குள்ளால் போகாதவர் குறைவு. ஒரு தனி ஆள், சம்பளம் இல்லை, இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு பாலம்.

2003இலிருந்து வலைப்பதிவுகள். கனடாவிலிருந்து மதி கந்தசாமி தமிழ்ப் பதிவுகளைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டார். 2004இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் உங்கள் வீட்டில் எழுதுவீர்கள். திரட்டி வந்து தலைப்பையும் முதல் நாலு வரியையும் எடுத்து முற்றத்தில் வைக்கும். வாசிக்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். யாருக்கு மறுமொழி வந்திருக்கிறது என்று தெரியும். கிழமைக்கு ஒரு நட்சத்திரம். நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் தமிழ்மணம் பார்த்த ஆள்.

அதைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆள்மாறாட்டம், பெயர் இல்லாத வசை, சாதிப் பேச்சு எல்லாம் இருந்தது. திரட்டி சில பதிவுகளை விலக்கியபோது, விலக்க நீ யார் என்று மாதக்கணக்கில் அடிபாடு. அப்போது நானும் திரட்டியைத் திட்டினவன்தான். இப்போது நினைத்தால் அதில் ஒரு விசயம் தெரிகிறது. திரட்டி விலக்கினாலும் அந்த ஆளின் பதிவு அங்கேயே இருந்தது. பழைய எழுத்து ஒன்றும் போகவில்லை. முற்றத்திலிருந்து கலைத்தார்கள், வீட்டை இடிக்கவில்லை. இடிக்க அவர்களால் முடியவும் முடியாது.

(அந்த வீட்டுக் காணியும் கூகிளுடைய புளொக்கர்தானே என்று யாராவது கேட்பீர்கள். சரியான கேள்வி. ஆனால் சொந்த முகவரி வாங்கலாம், எழுதியதை மொத்தமாக இறக்கிக்கொண்டு வேர்ட்பிரசுக்குக் குடிபோகலாம். வாடகை வீடென்றாலும் சாமானை ஏற்றிக்கொண்டு போக விட்டார்கள்.)

*

பிறகு ஏன் விட்டுவிட்டுப் போனோம்? யாரும் துவக்கைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நாங்களாகத்தான் போனோம்.

2009 ஏப்ரலில் பாராளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் சனம் கூடியபோது எனக்குச் செய்தி குறுஞ்செய்தியாக வந்தது. பெறாமக்களுக்குப் பேஸ்புக்கில் வந்தது. என்னுடைய வலைப்பதிவைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. அம்மாவுக்குத் திரட்டியும் தெரியாது, எழுத்துருவும் தெரியாது. ஆனால் பேரப்பிள்ளையின் படத்தை விரலால் தட்டிப் பார்க்கத் தெரிந்தது. டூட்டிங் கடைகளில் வரிசையில் நின்று ரெலிபோன் கார்ட் வாங்கி, நிமிடம் எண்ணிக் கதைத்த ஆட்களுக்கு, காசில்லாமல் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்றால் யார் விதிமுறை வாசிப்பார்கள்? நானும் வாசிக்கவில்லை.

பெரிய வீட்டுக்காரரின் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். கூகிள் 2005இல் 'கூகிள் ரோக்' தொடங்கியது. அடுத்த வருடமே அதை எக்ஸ்எம்பிபி என்ற பொது மொழியில் மற்ற வழங்கிகளுக்கும் திறந்துவிட்டது. கூகிள் கணக்கு இல்லாதவனும் கூகிள்காரனோடு கதைக்கலாம். நல்ல காரியம். சனம் எல்லாம் அங்கே சேர்ந்த பிறகு, 2013இல் 'ஹாங்கவுற்ஸ்' வந்தபோது அந்தப் படலை சாத்தப்பட்டது. அதே வருடம் யூலை 1இல் கூகிள் ரீடரும் மூடப்பட்டது. நாங்கள் ஆர்எஸ்எஸ் ஓடையில் பதிவு வாசித்த இடம் அது. ஓடைக்கு முதலாளி இல்லை, யாரும் வேறு வாசிப்பான் செய்யலாம். ஆனால் எல்லாரும் ஒரே துறையில் தண்ணி அள்ளிப் பழகிவிட்டோம். துறை மூடியதும் ஓடை வற்றியது என்றே நினைத்துக்கொண்டோம்.

யாஹூ 2009இல் ஜியோசிற்றீசை மூடியது. 2020 டிசெம்பரில் யாஹூ குழுமங்களையும் மூடியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று தமிழில் எவ்வளவு கதைத்த இடம் அது! கடைசியில் கூகிளும் 2024 பெப்ரவரியோடு யூஸ்நெற்றுடனான தொடர்பை வெட்டிக்கொண்டது.

*

இதற்கு மாற்றுத் தேடியவர்கள் இல்லாமல் இல்லை. 2010இல் நியூயோர்க் பல்கலைக்கழக மாணவர் நாலு பேர், பேஸ்புக்குக்கு மாற்றாக ஒரு வலை செய்யப்போகிறோம் என்று சனத்திடம் காசு கேட்டார்கள். பத்தாயிரம் டொலர் கேட்டவர்களுக்கு இரண்டு லட்சம் டொலர் விழுந்தது. யாரும் தன் வீட்டில் ஒரு வழங்கி வைக்கலாம், அவை ஒன்றோடொன்று கதைக்கும். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'டயஸ்போரா'. புலம்பெயர்ந்தோர்! கிரேக்கத்தில் விதை சிதறுவது என்று பொருள். நாங்கள் முப்பது வருடமாக உடம்பால் செய்துவந்ததை அவர்கள் கணனியில் செய்யப் பார்த்தார்கள். எங்களில் ஒருவரும் அங்கே போகவில்லை என்பது வேறு கதை.

2016இல் ஜெர்மனியில் யூஜின் ரொச்கோ என்ற இளைஞர் 'மஸ்டொடன்' செய்தார். மின்னஞ்சல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு கந்தோரில் பெட்டி வைத்திருக்கிறேன், நீங்கள் இன்னொன்றில். கடிதம் இரண்டுக்கும் போகும். என் கந்தோர்க்காரர் பிடிக்கவில்லையென்றால் வேறு கந்தோருக்கு மாறலாம், பின்தொடர்பவர்களையும் கூட்டிக்கொண்டு. 2018இல் 'அக்ரிவிற்றிபப்' என்ற பொது மொழியை உலக வலைத்தளச் சபை ஏற்றுக்கொண்டது. 2022 ஒக்ரோபரில் ஈலோன் மஸ்க் ருவிற்றரை வாங்கியபோது சனம் அங்கே அள்ளுப்பட்டுப் போனது. பலர் திரும்பியும் வந்தார்கள்.

2023 யூலையில் மெற்றா 'திரெட்ஸ்' தொடங்கியது. நாங்களும் அந்தப் பொது மொழியில் கதைக்கப் போகிறோம் என்றது. 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, யப்பானில் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. சின்ன வழங்கிக்காரர் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதி, வரட்டும், இனி அங்கே உள்ள சொந்தக்காரரோடு இங்கிருந்தே கதைக்கலாம் என்றது. மறு பகுதி, கூகிள் ரோக் ஞாபகம் இல்லையா என்று கேட்டு, படலையைச் சாத்துவதாகக் கையெழுத்துப் போட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் இரண்டாவது பக்கத்துக்குக் கொஞ்சம் கிட்ட நிற்கிறேன். சூடு கண்ட பூனை.

ஆனால் ஒன்று. திறந்த வலை என்றால் நல்லவர் மட்டும் வருவார் என்று நினைக்கக்கூடாது. 2014இல் ஐஎஸ் அமைப்பினர் டயஸ்போராவில் வந்து குந்தியபோது, நடுவில் நின்று அகற்ற எங்களிடம் ஒரு பொத்தான் இல்லை என்றார்கள் செய்தவர்கள். ஒவ்வொரு வழங்கிக்காரரையும் தேடித்தேடிச் சொல்ல வேண்டியிருந்தது. பெரிய தளம் பாதுகாப்பா என்றால் அதுவும் இல்லை. 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம் சனத்தின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது வெறுப்பைப் பரப்பிய இடங்களில் ஒன்று பேஸ்புக். இலங்கை அரசு அதை நாட்களாக முடக்கியது. 2020 மேயில் பேஸ்புக் தன் தளம் பயன்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டது. பொத்தான் அவர்களிடம் இருந்தது. எதை அழுத்துவது என்று தெரிந்த ஆள் இருக்கவில்லை. வெறுப்பு நிற்கும், கல்யாணப் படம் போகும். ஊரைத் தெரியாதவனிடம் ஊர்க்காவலைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

*

டூட்டிங்கில் 1930களில் கட்டிய இரண்டு கூரைச் சந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு கூரை, உள்ளே நிறையச் சின்னக் கடைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு. மீன்காரன் கடையைப் பூட்டினால் துணிக்கடை பூட்டாது. கொஞ்சம் நடந்தால் பெரிய சுப்பர்மார்க்கெற். எங்கள் சனம் இரண்டுக்கும் போகிறது. பாலும் பாணும் அங்கே, கருவேப்பிலையும் விளைமீனும் இங்கே. இணையத்திலும் அப்படித்தான் இருக்கப்போகிறோம் என்று நினைக்கிறேன். அம்மா வாட்ஸ்அப்பில் இருக்கும்வரை நான் வாட்ஸ்அப்பை விட முடியாது. கொள்கைக்காகத் தாயோடு கதைக்காமல் இருக்க நான் என்ன முனிவனா?

ஆனால் எதை எங்கே வைப்பது என்று இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். ஊருக்குச் சொந்தமாக ஒரு முகவரி வாங்கியிருக்கிறோம். வருடக் காசை நாலு பேர் பகிர்கிறோம். படங்கள் முதலில் அங்கே ஏறும். பிறகுதான் பெரிய தளத்தில் ஒரு இணைப்புப் போகும். லண்டனில் ஒரு பிரதி, ரொறொன்ரோவில் ஒன்று, ஊரில் ஒன்று. ஒருவர் செத்தாலும் மற்றவர் கையில் திறப்பு இருக்கும்.

அப்பாவின் படம்? பக்கம் போன பிறகு மச்சாளுக்கு அடித்தேன். மூலப் படம் வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது என்று அழுதாள். மூன்று கிழமை கழித்து அவளுடைய தமையன் எடுத்தார். 2006இல் பிள்ளைக்குக் காட்ட என்று அந்தப் படத்தை அவள் அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறாள். மனிதர் பழைய ஆள். மின்னஞ்சலைத் தன் கணனிக்குள் இறக்கி வைத்து, கணனி மாறும்போதெல்லாம் அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். சின்னப் படம். பெருப்பித்தால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. ஆனால் பந்தல் காலைப் பிடித்திருக்கிற கை தெளிவு.

முதலாளி இல்லாத மிகப் பழைய வலை மின்னஞ்சல். அதுதான் என் தகப்பனைத் திருப்பித் தந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த நூற்றுக்கணக்கான படங்களில் பாதிக்குமேல் இன்னும் வரவில்லை. சிலதுக்கு வேறு பிரதி இல்லை. சிலதில் இருந்தவர்களும் இப்போது இல்லை.

பி.கு: இதை வாசிக்கிற நீங்கள், உங்கள் அம்மா அப்பாவின் படம் எங்காவது ஒரு தளத்தில் மட்டும் இருக்கிறதென்றால், மறுமொழி எழுதுவது பிறகு இருக்கட்டும். முதலில் போய் அதை இறக்கி வையுங்கள்.